ஒருவர் எச்சிலில் ஒரு குலத்தின் சாட்சியம்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸை ஒருமுறை கிளாக்சோ வெல்கம் மருந்து நிறுவனம் உரையாற்ற அழைத்தது. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சர் ரிச்சர்டு சைக்ஸ். இருவரும் சொந்தக்காரர்களா என்ற கேள்வி எழுந்தது. இருவருக்கும் பதில் தெரியவில்லை. பேராசிரியரின் தொழிலே டிஎன்ஏ என்பதால், தலைவரின் கன்னத்து உட்புறத்திலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். இரண்டு பேரின் ஒய் குரோமோசோமும் ஒத்துப்போயின.

அத்தோடு விட்டிருந்தால் விருந்துகளில் சொல்லிச் சிரிக்கும் கதையாக முடிந்திருக்கும். அவர் விடவில்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் வட்டாரங்களில் சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களுக்கு, முன்பின் அறிமுகம் இல்லாமலே, கன்னத்தில் தேய்த்துத் திருப்பி அனுப்பச் சிறு தூரிகைகளைத் தபாலில் அனுப்பினார். 2000ஆம் ஆண்டு முடிவு வெளியானது. திரும்பி வந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் ஒரே வடிவம். அதே வட்டாரத்தில் வேறு பெயர் கொண்ட ஆண்களிடம் அது தென்படவில்லை. சைக்ஸ் என்பது ஓடைக்கரையில் குடியிருந்தவர்களுக்கு வந்த பெயர், ஓடை எங்கும் உண்டு, ஆகவே பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றுதான் ஏடுகளைப் பார்த்தவர்கள் கணித்திருந்தார்கள். இன்றைய சைக்ஸ்களுக்கு மூலவர் ஒருவரே என்று மரபணு சொன்னது.

அந்த ஆய்வைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் தொடாத ஒரு விஷயம் உண்டு. மாதிரி கொடுத்தவர்கள் சில பத்துப் பேர். தீர்ப்பு கிடைத்ததோ, தூரிகையைக் கண்ணால்கூடப் பார்க்காத பல ஆயிரம் சைக்ஸ்களுக்கும் சேர்த்து. குடும்பப் பெயரை மரபணுவால் துருவுகிற இந்தத் துறையின் பலம் அதுதான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் அதற்காகத்தான். நிறுவனங்கள் இதைத் தனி ஒருவர் தனக்காக வாங்கும் பொருளாக விற்கின்றன. உண்மையில் ஒருவர் வாங்கும்போது ஒரு வம்சமே பரிசோதனைக்கு உட்படுகிறது.

காரணம் எளிது. மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் தாய்வழி, தந்தைவழி என்று சீட்டுக்கட்டு போலக் கலைக்கப்படுகின்றன. ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி கலையாமல் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் இறங்குகிறது. ஆய்வகம் பார்ப்பது ஒய் குரோமோசோமில் சில குறிப்பிட்ட இடங்களை. டிஒய்எஸ்393 என்ற இடத்தில் நான்கெழுத்துத் துணுக்கு ஒன்று சிலருக்கு 12 முறை திரும்ப வரும், சிலருக்கு 13 அல்லது 14 முறை. இப்படி 37 இடங்களையோ 111 இடங்களையோ எண்ணி வரிசைப்படுத்தினால் ஒருவருடைய தந்தைவழி எண்தொடர் கிடைத்துவிடும். எப்போதாவது ஒரு மகனுக்கு ஓர் எண் கூடும் அல்லது குறையும். இரண்டு பேருக்கு இடையே எத்தனை எண்கள் மாறியிருக்கின்றன என்பதை வைத்து, பொதுவான பாட்டன் எத்தனை தலைமுறைக்கு முன்னால் இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். தோராயமான கணக்குத்தான், சில நூறு வருடம் இப்படியும் அப்படியும் போகும்.

மரபணுவைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே குடும்பப் பெயரை மரபணுபோலப் பயன்படுத்தியவர் ஒருவர் உண்டு. சார்லஸ் டார்வின் மணந்தது தன் தாய்மாமன் மகள் எம்மாவை. நெருங்கிய உறவில் திருமணங்கள் எவ்வளவு நடக்கின்றன என்று அறிய அவருடைய மகன் ஜார்ஜ் டார்வின் 1875இல் ஒரு வழி கண்டார். மணமகன், மணமகள் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்த திருமணங்களை எண்ணி, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்தார். ஒரே குடும்பப் பெயருள்ள அந்த ஜோடிகளில் பலர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். நம் ஊர் முறையில் அண்ணன் தங்கை! ஜார்ஜ் டார்வினுக்கு அது வெறும் புள்ளிவிவரம்.

இனி லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வரலாம். டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்து 2009இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம். அதில் அட்டன்பரோ என்ற அரிய பெயர் வருகிறது. சோதிக்கப்பட்ட அட்டன்பரோக்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஒரே கிளையில் வந்து நின்றார்கள். ஸ்மித் என்ற பெயரிலோ எந்த ஒற்றுமையும் இல்லை. தெருவில் போகிற இரண்டு பேரைப் பிடித்துச் சோதித்தால் என்ன கிடைக்குமோ அதேதான். கொல்லர் இல்லாத ஊர் இல்லை, ஊருக்கு ஒரு ஸ்மித் முளைத்திருப்பார். ஆகவே தன் பெயர் ஸ்மித் என்பதற்காகக் காசு கட்டி இன்னொரு ஸ்மித்தோடு உறவு தேடுகிறவர் பணத்தை வீணாக்குகிறார். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு துல்லியமாகப் பேசும். அரிய பெயர்க்காரர்களுக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் கிடையாது.

இதை அந்த ஆய்வாளர்களே உணர்ந்திருந்தார்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பு பிரிட்டிஷ் பத்திரிகைகளைக் கலக்கியது. யார்க்‌ஷயர் பூர்வீகம் கொண்ட ஒரு வெள்ளைக்கார ஆண். ஆப்பிரிக்கத் தொடர்பு எதுவும் தன் குடும்பத்தில் இருந்ததாக அவருக்குத் தெரியாது. அவருடைய ஒய் குரோமோசோம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவோடு தொடர்புடைய சிலரிடம் மட்டுமே காணப்பட்ட ஏ1 என்ற மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது. அதே குடும்பப் பெயருள்ள 18 பேரைத் தேடிப் பிடித்தார்கள். 7 பேரிடம் அதே கிளை. பதிவேடுகளின்படி அவர்கள் இரண்டு குடும்ப மரங்களில் அடங்கினார்கள், ஒன்று 1788இலும் மற்றது 1789இலும் யார்க்‌ஷயரில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ ஓர் ஆப்பிரிக்க ஆண் அந்த வட்டாரத்துக்கு வந்திருக்க வேண்டும். அடிமை வணிகத்தின் வழியாகவா, வேறு எப்படியா என்பதற்கு ஏடு இல்லை. ஆனால் கட்டுரையில் அந்தக் குடும்பப் பெயர் அச்சாகவில்லை. ஆர் எழுத்தில் தொடங்கும் பெயர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயரைப் போட்டிருந்தால் சோதனைக்கே வராதவர்களின் வாசலுக்கும் நிருபர்கள் போயிருப்பார்கள். அந்தக் கண்ணியம் இன்றைய வணிக நிறுவனங்களிடம் எதிர்பார்க்க முடியாதது.

குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் சேர்ந்து வரலாற்றையே மாற்றி எழுதிய வழக்கு அமெரிக்காவில் நடந்தது. மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், மனிதர் அனைவரும் சமம் என்று எழுதியவர், நூற்றுக்கணக்கான அடிமைகளையும் வைத்திருந்தார். அவர்களில் சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அவரே தகப்பன் என்று 1802இல் ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகையாளர் எழுதினார். ஹெமிங்ஸின் வாரிசுகள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். வெள்ளை வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்கள்தான் காரணம் என்று ஒரு மாற்றுக் கதையும் உலவியது.

ஜெஃபர்சனுக்கு மணவழியில் பிறந்த ஆண் பிள்ளை எதுவும் வளர்ந்து ஆளாகவில்லை. ஆகவே ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் யூஜின் ஃபாஸ்டர், ஜெஃபர்சனுடைய பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேரிடம் ரத்தம் வாங்கினார். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரிடமும், கார் குடும்பத்தாரிடமும் வாங்கினார். 1998 நவம்பரில் நேச்சர் இதழில் முடிவு வந்தது. எஸ்டன் வழியில் இருந்தது ஜெஃபர்சன் குடும்பத்துக்கே உரிய அபூர்வ வடிவம். கார் சகோதரர்கள் கணக்கிலிருந்து விழுந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வடிவம் தாமஸ் ஜெஃபர்சனுக்கு மட்டும் சொந்தமில்லை, அவருடைய தம்பி ராண்டால்ஃபுக்கும் தம்பி மகன்களுக்கும் அதேதான். நேச்சர் இதழ் போட்ட தலைப்பு ஆய்வு சொன்னதைவிடப் பெரிதாகப் பேசிவிட்டது என்று ஃபாஸ்டரே பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. மிச்ச வேலையைச் செய்தது பழைய ஏடுகள்தான். சாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதங்களுக்கு முன் ஜெஃபர்சன் தன் மாண்டிசெல்லோ மாளிகையில் இருந்ததை வரலாற்றாசிரியர்கள் நாள்வாரியாகக் காட்டினார்கள். அந்த மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையும் 2000இல் ஜெஃபர்சனே தகப்பனாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. எஸ்டன் தன் காலத்திலேயே விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து பெயரோடு ஜெஃபர்சன் என்பதையும் சேர்த்துக்கொண்டவர். அந்தப் பெயருக்கு அவருக்கு உரிமை உண்டு என்று உலகம் ஏற்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு குடும்பம் இருக்கிறது. தாமஸ் வுட்சன் என்பவரின் வாரிசுகளும் தங்களை ஜெஃபர்சன் வழி என்றே இரு நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். சோதனை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள் சிலர்; கதையை இழந்தது மொத்தக் குடும்பமும்.

அரச குடும்பமும் தப்பவில்லை. 2012இல் லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையது என்பதைத் தாய்வழி மரபணு உறுதி செய்தது. ஆண்வழியைச் சரிபார்க்க, அதே பிளாண்டாஜனெட் வம்சத்தில் வந்ததாக ஆவணம் சொல்லும் பிரபுக் குடும்பத்து ஆண்கள் ஐந்து பேரைச் சோதித்தார்கள். மன்னரோடு ஒருவர்கூடப் பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வரோடு ஒட்டவில்லை. ஆவணத்துக்கும் ரத்தத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு கண்ணிகளாவது அறுந்திருக்கின்றன, எந்தெந்தத் தலைமுறையில் என்று சொல்ல வழியில்லை.

இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன் வாயில் வருவது ஒரே சந்தேகம்தான். பத்தில் ஒரு பிள்ளைக்கு அப்பா வேறு, மூன்றில் ஒன்றுக்கு வேறு என்றெல்லாம் எண்கள் உலவுகின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்ட்டன் லார்மூசோ குடும்ப மரத்தையும் ஒய் குரோமோசோமையும் பக்கத்தில் வைத்து நிதானமாக எண்ணிப் பார்த்தார். மேற்கு ஐரோப்பாவில் கடந்த சில நூற்றாண்டுகளில் அந்த விகிதம் தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம். 2019இல் அவர் குழு எழுதிய கட்டுரையில் ஒரு நுட்பம் இருக்கிறது: விவசாயிகளிடமும் வசதியான கைவினைஞர்களிடமும் அரை சதவீதம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த நெசவாளர்கள், கூலித் தொழிலாளர்களிடம் சுமார் 6 சதவீதம். அதைக் கற்பின் கணக்காக வாசிப்பது அபத்தம். வறுமையும் நெரிசலும் பாதுகாப்பின்மையும் பெண்களை எந்த நிலையில் வைத்தன என்பதற்கான கணக்கு அது.

பெயரும் ஒய் குரோமோசோமும் பிரிவதற்குத் தத்து ஒரு காரணம், சொத்துக்காகத் தாய்வழிப் பெயரை ஏற்பது இன்னொன்று. விதவை மறுமணம் செய்யும்போது பிள்ளைகளுக்குப் புது அப்பாவின் பெயர் போய்விடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்பப் பெயர்களில் பல அடிமை உடைமையாளர்களின் பெயர்கள். இன்று அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்ட ஆண்களின் தந்தைவழி ஐரோப்பாவுக்குப் போய் நிற்கிறது, அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் வன்முறை. ஒரு எண்தொடரைப் பார்த்து இதில் எது நடந்தது என்று எந்த ஆய்வகமும் சொல்லிவிட முடியாது.

வரலாற்றுக் கேள்விகள் வரைக்கும் சரி, இந்தக் கருவி பயனுள்ளது என்று தயங்காமல் சொல்லலாம். உயிரோடிருப்பவர்களைத் தேட ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். 2005இல் அமெரிக்காவில் 15 வயதுச் சிறுவன் ஒருவன், பெயர் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு விந்துதானம் செய்த தன் தகப்பனைக் கண்டுபிடித்தான். தானம் செய்தவர் எந்த மரபணுச் சோதனைக்கும் போனதில்லை. சிறுவன் தன் ஒய் குரோமோசோமை ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் சேர்த்தான். ஏறத்தாழ ஒரே குடும்பப் பெயருள்ள இரண்டு பேர் பொருந்தினார்கள். பெயர் கிடைத்துவிட்டது. தானம் செய்தவரின் பிறந்த தேதியும் ஊரும் அம்மாவுக்குத் தெரியும். மிச்சம் இணையத் தேடல்.

ஒரு சிறுவனால் முடிந்ததை 2013இல் யானிவ் எர்லிக் குழு முறையாகச் செய்து சயன்ஸ் இதழில் எழுதியது. பெயர் நீக்கி ஆய்வுக்காகப் பொதுவில் வைக்கப்பட்டிருந்த மரபணுத் தொகுப்புகளை எடுத்து, குடும்பப் பெயர்த் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டார்கள். வயது, மாநிலம் போன்ற சில்லறை விவரங்களையும் சேர்த்தபோது, கிட்டத்தட்ட 50 பேர் இன்னார் என்று தெரிந்துபோனது. அமெரிக்க வெள்ளையின ஆண்களில் சுமார் 12 சதவீதம் பேரின் குடும்பப் பெயரை இப்படிப் பிடித்துவிடலாம் என்று கணக்கிட்டார்கள்.

காவல்துறை சும்மா இருக்குமா? ஃபீனிக்ஸ் நகரில் 1992, 1993 ஆண்டுகளில் கால்வாயோரம் நடந்த இரண்டு கொலைகளில், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒய் குரோமோசோமிலிருந்து மில்லர் என்ற குடும்பப் பெயரை எடுத்துக் கொடுத்தார் மரபுவழி ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக். காவலர்களின் பழைய பட்டியலில் ஒரு மில்லர் இருந்தார். 2015 ஜனவரியில் கைது. 2023இல் மரண தண்டனை. முறையின் வெற்றி என்று இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள்.

ஐடஹோ ஃபால்ஸில் நடந்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 1996இல் அங்கே 18 வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். 2014இல் அந்த ஊர்க் காவல்துறை, யூட்டாவின் சோரன்சன் அறக்கட்டளை திரட்டிய ஒய் குரோமோசோம் தரவுத்தளத்தில் தேடியது. 35 இடங்களில் 34 பொருந்திய ஒருவர் கிடைத்தார். வம்சாவளி ஆய்வுக்கென்று பல ஆண்டுகளுக்கு முன் தேவாலயம் மூலம் மாதிரி கொடுத்தவர் அவர். நீதிமன்ற ஆணையின் பேரில் பெயர் வாங்கினார்கள். அவருக்கு வயது பொருந்தவில்லை. ஆகவே மகன் மீது சந்தேகம் திரும்பியது. மகன் நியூ ஆர்லியன்ஸில் படம் எடுப்பவர், அவர் எடுத்த குறும்படங்களில் கொலையும் ரத்தமும் வரும். அதுவே சந்தேகத்துக்குத் தீனியானது. அவரிடம் மாதிரி எடுத்து, அவர் இல்லை என்று தெரிவதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க, தான் கேட்காத, தன் அப்பா நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒரு துளி எச்சிலால், அவர் கொலைச் சந்தேக நபர். உண்மைக் கொலையாளி 2019இல் வேறொரு மரபணு முறையில் பிடிபட்டார். கொலை நடந்தபோது அந்தப் பெண்ணின் எதிர்வீட்டில் குடியிருந்தவர்.

23ஆண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்த தரவுத் திருட்டும் இதையே இன்னும் பெரிய அளவில் காட்டியது. கடவுச்சொல் திருடி உள்ளே நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில். உறவினர் தேடும் வசதி வழியாக விவரம் வெளியேறியது 69 லட்சம் பேருடையது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, கணக்கை அழித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அதிகாரிகள் அறிவுரை சொன்னார்கள். கணக்கே இல்லாத சித்தப்பா மகன் எதை அழிப்பது?

பிரான்ஸ் இதற்கு முரட்டுத்தனமான பதில் வைத்திருக்கிறது. ஆர்வத்துக்காக மரபணுச் சோதனை செய்துகொள்வதே அங்கே குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். மக்கள் எல்லைக்கு அப்பாலிருந்து பெட்டியை வரவழைக்கிறார்கள். தடை பயன் தராது, தேவையும் இல்லை. ஜெஃபர்சன் வழக்கு போன்றவை தடையால் செத்துப்போகும்.

தமிழருக்கு இதில் என்ன? தலைப்பெழுத்து மட்டும் வைத்துக்கொண்டு அதையும் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றுகிற சமூகத்தில் சைக்ஸ் பாணி ஆய்வு நடக்காது. பெயரின் பின்னால் இருந்த சாதி ஒட்டைக் கழற்றச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. ஆனால் குலம், கூட்டம், கோத்திரம் எல்லாம் தந்தைவழியில்தான் இறங்குகின்றன, ஒய் குரோமோசோமை அவற்றோடு பொருத்திப் பார்க்கும் ஆசை வராமல் போகாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற பழைய ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டபோது, அது பல பத்தாயிரம் ஆண்டு இடப்பெயர்வைப் பற்றிய அறிவியல் சேதி. பத்திரிகைகள் அதை முதல் இந்தியர் என்ற பட்டமாக்கின. ஒரே ஒரு ஆண்வழி இழையை வைத்து ஒரு சமூகத்துக்கே பட்டம் சூட்டத் தெரிந்த ஊரில், அதே இழையை வைத்து உன் குலம் இது இல்லை என்று ஒருவரைத் தள்ளிவைக்கவும் தெரியும். செட்டிநாட்டில் சுவீகாரம் வந்த பிள்ளைக்குக் கோயில் உரிமையும் கொள்ளி வைக்கும் உரிமையும் முழுதாக உண்டு. அங்கே ஆய்வக அறிக்கைக்கு வேலையே இல்லை.

புலம்பெயர்ந்தவர்கள் நிலை வேறு. டொரன்டோவிலும் பாரிஸிலும் குடியுரிமைப் படிவம் நிரப்பும்போது அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே சுமக்கிறார்கள். அவை பெரும்பாலும் அந்த நாடுகளில் வேறு யாருக்கும் இல்லாத, மிக மிக அரிய பெயர்கள். அட்டன்பரோவைவிட அரிது. அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த பெட்டியில் துப்பி அனுப்பினால், அந்தப் பெயருள்ள அத்தனை ஆண்களும் அடையாளம் காணத்தக்கவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சம்மதப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, இந்தச் சோதனை உங்கள் தந்தைவழி ஆண்கள் அனைவரைப் பற்றியும் தகவல் தரும் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். தரவுத்தளத்தில் பெயரை வெளியே காட்டுவது, கேட்டால் மட்டும் திறக்கும் வசதியாக இருக்க வேண்டும். குடும்பப் பெயர் பொருந்தியதை மட்டும் வைத்து, வேறு தடயம் இல்லாமல், ஒருவரிடம் மாதிரி கேட்கக் காவல்துறைக்கு அனுமதி தரக் கூடாது. இந்தியாவில் குற்றவாளிகளையும் காணாமல்போனவர்களையும் அடையாளம் காண என்று 2019இல் மக்களவைக்கு வந்த டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தரவுக்கு என்று தனி வகை கிடையாது. தரவு ஒருவருடையது, சம்மதமும் அவருடையது என்ற கணக்கில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. டிஎன்ஏ மசோதா மறுபடி எழுதப்படும்போது, மாதிரியே கொடுக்காத உறவினருக்கு ஆட்சேபம் சொல்லவும் பொருத்தப் பட்டியலிலிருந்து விலகவும் உரிமை தரும் பிரிவு ஒன்று அதில் இடம்பெற வேண்டும்.